நீ என்ன தொழில் செய்கிறாய்?

இத்தாலியின் மொதெனா சிறிய நகரம். மக்கள் நெருக்கமோ மிகுதி. உயர்ந்து ஒட்டி நின்ற அதன் வீடுகளின் மலக்குழிகளை மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வாருவது பதினேழாம் நூற்றாண்டு வழக்கம். தம் வீட்டில் அந்த வேலை நடந்தபோது, குழிக்குள் ஒருவன் மூச்சிரைக்க விரைவதைக் கண்ட மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி (1633-1714) காரணம் கேட்டார். நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கிருந்தால் கண் போய்விடும் என்றான் அவன். வெளியே வந்தபோது கண்கள் சிவந்து மங்கியிருந்தன. இருட்டறையில் அடைந்துகொண்டு வெந்நீரால் கழுவுவதே அவனறிந்த மருந்து. பிற்பாடு இத்தொழிலாளர் பலர் பார்வையிழந்து நகரில் பிச்சையெடுப்பதையும் ரமஸ்ஸினி கண்டார்.

1700இல் வெளிவந்த தொழிலாளர் நோய்கள் பற்றிய அவருடைய லத்தீன் நூல் இங்கிருந்து முளைத்ததுதான். நோயாளியிடம் ஹிப்போகிராத்தஸ் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஏழையின் வீட்டுக்குப் போகும் மருத்துவர், முக்காலியானாலும் உட்கார்ந்து நிதானமாகக் கேட்கவேண்டும் என்பது அவர் கருத்து.

தொழில் மருத்துவத்தின் தந்தை என்று அவரைப் போற்றுவது வழக்கம். என்னைக் கவர்வது அவர் ஆபத்தை இரண்டாகப் பகுத்துப் பார்த்த விதம். ஒன்று, கையாளும் பொருளின் நஞ்சு: குயவரின் ஈயம், முரானோ தீவில் கண்ணாடிக்கு ரசம் பூசுவோரின் பாதரசம். மற்றது, உடலை இயல்புக்கு மாறாக வளைத்தும் அசைத்தும் செய்யும் வேலை. முதலாவது எவருக்கும் புரியும். இரண்டாவதைக் காணத் தனிக்கண் வேண்டும். 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களைப் பற்றியும் எழுதினார்: ஓயாது உட்கார்ந்திருத்தல், ஒரே விதமாகக் கையை அசைத்தல், பிழை நேருமோ என்ற மன அழுத்தம். அவரறிந்த பத்திர எழுத்தர் ஒருவருக்கு வலக்கை செயலிழந்தது. இடக்கையால் எழுதப் பழகினார். அதையும் அந்நோய் பற்றியது. நஞ்சேதுமில்லை, வெறும் இறகுப் பேனா!

ஆனால் குழிக்குள் இறங்கியவனுக்கு அவர் சொன்ன யோசனைகளில் எனக்கு நிறைவில்லை. ஒளி ஊடுருவும் விலங்கு நீர்ப்பையால் முகத்தை மூடிக்கொள்ளலாம், கண்களை அடிக்கடி கழுவலாம் என்கிறார். 2013ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும், பாதுகாப்புக் கவசமின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதைத்தான் தண்டனைக்குரியதாக்கியிருக்கிறது.