படைப்புத் தொகுப்பு (கவின்கலைச் சேர்க்கை)

கவின்கலைக் கல்லூரியில் சேர விண்ணப்பிக்கும் மாணவர் தம் ஓவியங்கள், கோட்டுச்சித்திரங்கள், சிற்பங்களின் ஒளிப்படங்கள் ஆகியவற்றிலிருந்து தேர்ந்து அடுக்கும் கோப்பு. மனித உரு, அசையாப் பொருள், இயற்கைக் காட்சி, வண்ண ஆக்கம் என்பன வழக்கமான பிரிவுகள். நேரில் பார்த்து வரைந்தவற்றுக்கே மதிப்பு மிகுதி. படத்தைப் பார்த்துப் படியெடுத்த நடிகர் முகங்கள் எவ்வளவு நேர்த்தியாயினும் மாணவரின் பார்வையைக் காட்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி வட்டார மாணவருக்குக் குண்டாற்றங்கரைக் கோட்டையின் கல்மதில், கருவேலங்காடு, இராமநாதபுரம் நகரில் இராமலிங்க விலாச அரண்மனையின் 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் ஆகியன நேரில் காணத்தக்க வரைபொருள்கள். கரிக்கோல் சித்திரங்கள் தேய்ந்து கலையாதிருக்க இடையில் பட்டர் பேப்பர் வைப்பர். தமிழகக் கவின்கலைக் கல்லூரிகளைப் பொறுத்தவரை, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. சேர்க்கைக்குச் செய்முறைத் தேர்வுள்ள இடங்களில் தொகுப்பு பெரிதும் பயிற்சிப் பதிவாகவே உதவும்.