போத்தற் கழுத்து வெள்ளி

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர்கள் திராட்சை மதுவைப் பெரும்பாலும் பீப்பாக்களிலேயே வாங்கினர். நிலவறையிலே அது பெயரற்ற போத்தல்களில் அடைக்கப்பட்டது. மேசைக்கு வரும்பொழுது கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பப்பட்டது. உள்ளிருப்பது இன்ன மதுவென அறிவிப்பதற்காக, பெயர் பொறித்த சிறிய வெள்ளித் தகடொன்றைச் சங்கிலியிற் கோத்துக் குடுவையின் கழுத்தில் மாட்டினர். அக்காலத்தவர் இதனைப் 'போத்தற் சீட்டு' என்றழைத்தனர். 1730களில் வழக்கிற்கு வந்த இத்தகடுகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று பலர். 1952இல் இங்கிலாந்திலே அவர்களுக்கென ஒரு சங்கமே தோன்றிற்று.

சேகரிப்போர் முத்திரைகளையே முதலில் ஆராய்கின்றனர். நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி என்பதற்குச் சான்று. ஓரெழுத்து ஆண்டினைக் குறிக்கும். 1784 முதல் 1890 வரை முடியாள்பவரின் தலை, வரி செலுத்தப்பட்டதைக் காட்டும். எஞ்சுவன பட்டறைக்குரியவரின் முதலெழுத்துக்கள். அவற்றுட் புகழ்பெற்றவை ஹெஸ்ரர் பேற்மன் என்னும் பெண்ணுடையவை. கணவன் 1760இல் இறக்க, மறு ஆண்டே தன் பெயரில் முத்திரை பதிவுசெய்து பட்டறையை நடத்தியவர் அவர். அவர் எழுத்தறியாதவர் என்பர். சீமான்களின் மேசைக்கு எழுத்துப் பொறித்து அனுப்பிய பட்டறையின் தலைவிக்கு எழுத்து எட்டாதிருந்தது! அவரிடம் கூலிக்கு உழைத்தோரின் பெயரை எந்த முத்திரையும் தாங்கவில்லை.

நாம் அத்தகடுகளிற் பொறித்த பெயர்களைச் சிறிது படித்துப் பார்ப்போம். 'போர்ட்' என்ற பெயர் மலிந்து கிடப்பதற்கு ஆங்கிலேயரின் நாவின் சுவை மட்டும் காரணமன்று. 1703ஆம் ஆண்டு மெதுவன் உடன்படிக்கையின்படி, பிரெஞ்சு மதுவின் தீர்வையில் மூன்றிலிரண்டு பங்கிற்கு மேல் போர்த்துக்கேய மதுவிற்கு விதிக்கப்படவில்லை. கைம்மாறாக ஆங்கிலக் கம்பளித் துணி போர்த்துக்கலிற் புகுந்தது.

'றம்' என்ற தகடோ வேறு கதை கூறுகிறது. ஜமெய்க்காவிலும் பாபடோசிலும் ஆபிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பின் கழிவுப்பாகிலிருந்து வடித்தது அது. அடிமை வாணிபத்தைப் பிரித்தானியா தடைசெய்தது 1807இல்; தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டமியற்றியது 1833இல். அப்பொழுதும் 2 கோடிப் பவுண் நட்டஈடு பெற்றவர்கள் எசமானர்களே. அடிமைகளுக்கு ஒரு சதமுமில்லை. அவர்களிற் பெரும்பாலோர் 1838 வரை 'பயிலுநர்' என்ற பெயரில் அதே தோட்டங்களில் உழைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டுகளிலும் வெள்ளிப் பட்டறைகள் அப்பெயரைப் பொறித்துக்கொண்டேயிருந்தன. சேகரிப்போர் இதனை மிக அரிய பொருளாகக் கொள்வதில்லை. ஏனெனில் ஏராளமாகக் கிடைக்கிறது.

கீழைத்தேயங்களிலிருந்து சென்ற சாராயத்திற்கும் தகடுண்டு. கோவாவிலிருந்து சென்றது, நம்மவர் நன்கறிந்த தென்னங்கள்ளில் வடித்ததே. ஜின் என்பதன் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கி 'நிக்' என்று பொறித்த வேடிக்கையும் உண்டு. இலண்டன் ஏழைகளின் ஜின் குடியை அடக்க 1736இலும் 1751இலும் சட்டம் செய்த வர்க்கத்தினர், தம் மேசையில் அதற்கு மாற்றுப்பெயர் சூட்டிக்கொண்டனர் போலும்!

1860, 1861ஆம் ஆண்டுகளில், நிதியமைச்சர் கிளாட்ஸ்ரனின் காலத்துச் சட்டங்களாற் கடைக்காரர் மதுவைத் தனிப்போத்தல்களில் விற்க வழி பிறந்தது. போத்தலில் ஒட்டிய கடதாசியே பெயரைச் சொல்லத் தொடங்கிற்று. வெள்ளித் தகடுகள் மெல்ல மெல்ல மேசையைவிட்டு அகன்றன. அவற்றுட் பல இன்று இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையில் இருக்கின்றன.