சிர்க்கோனியம், ஹாஃப்னியம்: வேதியியலில் ஒற்றுமை, அணு உலையில் முரண்

ஹைதராபாத்: தனிம வரிசை அட்டவணையின் 4-ஆம் தொகுதியில் ஒன்றின்கீழ் ஒன்றாக இடம்பெற்றுள்ள சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் வேதிப் பண்புகளில் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை. ஆனால், நியூட்ரான்களை உட்கவர்வதில் இரண்டும் நேரெதிரானவை. இவற்றைப் பிரித்தெடுப்பது, அணுசக்தித் துறையின்கீழ் 1971-இல் ஹைதராபாதில் நிறுவப்பட்ட அணு எரிபொருள் வளாகத்தின் (என்எஃப்சி) முக்கியப் பணிகளுள் ஒன்றாகும்.

அடிப்படைப் பண்புகள்

சிர்க்கோனியம்: அணு எண் 40, உருகுநிலை சுமார் 1,855 டிகிரி செல்சியஸ், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 6.5 கிராம். ஜெர்மானிய வேதியியலாளர் கிளாப்ரோத் 1789-இல் கண்டறிந்தார். அதே ஆண்டில் யுரேனியத்தைக் கண்டறிந்தவரும் அவரே.

ஹாஃப்னியம்: அணு எண் 72, உருகுநிலை சுமார் 2,233 டிகிரி செல்சியஸ், அடர்த்தி 13.3 கிராம். கோபன்ஹேகனில் 1923-இல் கண்டறியப்பட்டதால், அந்நகரின் லத்தீன் பெயரான 'ஹாஃப்னியா'வை ஒட்டிப் பெயரிடப்பட்டது.

ஒற்றுமைக்குக் காரணம்

பொதுவாக ஒரு தொகுதியில் கீழே செல்லச் செல்ல அணுவின் அளவு பெரிதாகும். இவ்விரு தனிமங்களுக்கும் இடையே லாந்தனைடு வரிசைத் தனிமங்கள் அமைகின்றன. அவ்வரிசையில் அணுக்கருவின் ஈர்ப்பு படிப்படியாக வலுப்பெற்று, அணுக்கள் சுருங்குகின்றன. இதனால் ஹாஃப்னியம் அணு, எடையில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தும் அளவில் சிர்க்கோனியத்துக்குச் சமமாகவே உள்ளது. இயற்கையில் இரண்டும் ஒரே கனிமத்தில் கலந்து கிடைப்பதற்கும் இதுவே காரணம்.

பிரிப்பது ஏன்?

இந்தியாவின் அழுத்தக் கனநீர் உலைகள், யுரேனியம்-235 அளவு 0.7 சதவீதமே உள்ள இயற்கை யுரேனியத்தில் இயங்குகின்றன. எனவே, ஒரு நியூட்ரானைக்கூட வீணாக்க இயலாது. எரிபொருளைத் தாங்கும் குழாய், நியூட்ரான்களைத் தடையின்றிக் கடந்துசெல்ல விட வேண்டும். வெந்நீரில் அரிக்கப்படாமலும் இருக்க வேண்டும். இவ்விரு தகுதிகளும் சிர்க்கோனியத்துக்கு உண்டு. ஹாஃப்னியமோ, அதைவிட 500 மடங்குக்கும் அதிகமாக நியூட்ரான்களை உட்கவரும். சிர்க்கோனியத்தில் 1 முதல் 3 சதவீதம் வரை கலந்துள்ள ஹாஃப்னியம், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைக்கப்பட்ட பின்னரே அது உலைக்கு ஏற்றதாகிறது.

மணலிலிருந்து குழாய் வரை

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா ஆகிய கடற்கரைகளின் கனிம மணலில் சிர்க்கான் உள்ளது. இது காஸ்டிக் சோடாவுடன் உருக்கப்பட்டு, நைட்ரிக் அமிலத்தில் கரைக்கப்படுகிறது. பின்னர், கரிமக் கரைப்பான் மூலம் சிர்க்கோனியம் பிரித்தெடுக்கப்படுகிறது. ஹாஃப்னியம் அமிலக் கரைசலிலேயே தங்கிவிடும். கிடைக்கும் ஆக்சைடு, குளோரைடாக மாற்றப்பட்டு, மக்னீசியத்தால் ஒடுக்கப்பட்டு, துளைகள் நிறைந்த உலோகமாகிறது. தூத்துக்குடி மாவட்டம் பழையகாயலிலும் என்எஃப்சியின் சிர்க்கோனியம் வளாகம் இயங்கி வருகிறது.

இவ்வுலோகத்தின் கலவையில் செய்த மெல்லிய குழாய்களில் யுரேனியம் டை ஆக்சைடு வில்லைகள் அடைக்கப்படுகின்றன. கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற 220 மெகாவாட் உலைகளுக்கு, இத்தகைய 19 குழாய்கள் இணைந்து சுமார் அரை மீட்டர் நீளமுள்ள ஓர் எரிபொருள் கட்டாகின்றன.

வரம்பும் பயனும்

சிர்க்கோனியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. குளிர்விப்பு தடைபட்டு வெப்பநிலை சுமார் 1,200 டிகிரியைத் தாண்டினால், அது நீராவியுடன் தீவிரமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிடும். ஜப்பானின் ஃபுகுஷிமாவில் 2011-இல் நிகழ்ந்த வெடிப்புகளுக்கு இத்தகைய ஹைட்ரஜனே காரணம். ஆகவேதான், உலை நிறுத்தப்பட்ட பின்னரும் குளிர்விப்பு தொடர்வது இன்றியமையாததாகிறது.

மறுபுறம், பிரிக்கப்படும் ஹாஃப்னியமும் வீணாவதில்லை. நியூட்ரான்களை உட்கவரும் அதே பண்பு, அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளுக்கு அதை ஏற்றதாக்குகிறது. கணினிச் சில்லுகளிலும் அதன் ஆக்சைடு பயன்படுகிறது.