கட்டணத்தின் மீதியைக் கட்டுவது யார்?: தமிழகத்தின் சிறு கிறித்தவப் பள்ளிகளும் பெற்றோரின் தேர்வும்

1. ஆய்வுப் பொருள்

பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோர் பலர், தம் மதம் எதுவானாலும், பக்கத்துக் கிறித்தவப் பள்ளியையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்கள். 'சிஸ்டர் ஸ்கூல்', 'ஆர்.சி. ஸ்கூல்', 'கான்வென்ட்' என்று மக்கள் சொல்லும் பெயர்களுக்குள் தன்மையில் மிக வேறுபட்ட பள்ளிகள் கிடக்கின்றன. பெருநகரங்களின் பேர்பெற்ற கான்வென்ட்டுகள் இக்கட்டுரையின் பொருளல்ல. இருநூறு முந்நூறு பிள்ளைகள் படிக்கும், கூலி வேலைக்குப் போகிறவரும் கட்டக்கூடிய கட்டணம் வாங்கும் பள்ளிகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கட்டணம் குறைவு என்பதால் செலவு குறைவு என்று ஆகிவிடாது. ஆசிரியருக்குச் சம்பளம் வேண்டும். கட்டடம், தண்ணீர், கழிப்பறை வேண்டும். பெற்றோர் கட்டாத மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள். அது யார் என்று கண்டுகொள்வதே தேர்வின் முதற்படி என்பது என் முடிபு.

2. மீதியைக் கட்டுவோர்

2.1 அரசு

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். மிஷன் பள்ளிகளுக்கு அரசுப் பணம் முறையாக வர வழி திறந்தது 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை. அந்த மானிய முறையின் தொடர்ச்சிதான் இன்றைய அரசு உதவிபெறும் பள்ளி. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து டி.டி.டி.ஏ. (திருநெல்வேலித் திருமண்டல அறக்கட்டளை) தொடக்கப் பள்ளிகளும், கத்தோலிக்க மறைமாவட்டங்களின் ஆர்.சி. பள்ளிகளும், டி.இ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) பள்ளிகளும் பெரும்பாலும் இவ்வகை.

இங்கே அனுமதிக்கப்பட்ட பணியிடங்களின் சம்பளத்தை அரசு தருகிறது. ஆகவே தமிழ் வழியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. பாடநூலும் சத்துணவும் உண்டு. 2024 ஜூலை முதல் ஊரகப் பகுதிகளின் உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. வீட்டுச் செலவைக் கணக்கிடும் தாய்க்கு இந்த இரண்டு வேளைச் சாப்பாடு சிறிய செய்தியல்ல.

பெற்றோர் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதியாக நடக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு. சேர்க்கைப் படிவத்தை வாங்கும்போதே பிள்ளை எந்தப் பிரிவில் சேர்கிறது என்று கேட்டுவிட வேண்டும். இரண்டாவது, தொலைவில் இருப்பதால் கண்ணில் படாதது. மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கே உரியது. உதவிபெறும் பள்ளியில் படித்தவருக்கு அது கிடையாது. உயர்கல்விக்குப் போகும் மாணவருக்கான புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மட்டும் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோருக்கும் உண்டு. ஐந்தாம் வகுப்பு முடிந்து அடுத்த பள்ளி தேடும்போது இக்கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது.

2.2 துறவற சபை

கத்தோலிக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் அருட்சகோதரி தம் சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுகிறார். வறுமை வாக்குக் கொடுத்தவர்களின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, பிடிக்கலாம் என்று 2024இல் முடிந்தது. தனக்கென்று வைத்துக்கொள்ளாத அந்த உழைப்பு பல பள்ளிகளைத் தாங்கியிருக்கிறது. ஆனால் சகோதரிகளுக்குப் பணியிட மாற்றம் உண்டு. ஒரு தலைமையாசிரியையை நம்பிச் சேர்த்தால், அவர் போன பிறகு பள்ளி எப்படி இருக்கும் என்றும் எண்ண வேண்டும்.

2.3 ஆசிரியர்

மூன்றாம் வகை, ஒரு போதகரோ சிறு அறக்கட்டளையோ நடத்தும் சுயநிதி நர்சரி, மெட்ரிக் பள்ளி. மானியம் இல்லை, பெரிய சபையின் துணையும் இல்லை. கட்டணத்தைத் தாழ்வாக வைத்தால் சம்பளமும் தாழ்ந்தே இருக்கும். மீதியைக் கட்டுவது அங்கே வேலை பார்க்கும் டீச்சர். பி.எட். முடித்த பெண் வேறு வேலை கிடைக்கும்வரை இருந்துவிட்டுப் போகிறார். பிள்ளை ஒரே ஆண்டில் மூன்று வகுப்பாசிரியரைப் பார்க்கிறது. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகும் வயதில் இம்மாற்றம் தரும் இழப்பை ஆங்கில வழி என்ற பெயர் ஈடுசெய்யாது. மற்றவை சமமாக இருந்தால், தமிழ் வழி உதவிபெறும் பள்ளியையே நான் முன்வைப்பேன்.

3. சட்டம் தரும் பிடி

சுயநிதிப் பள்ளிகளின் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாங்கும் தொகைக்கு ரசீதும் கேட்கலாம்.

கல்வி உரிமைச் சட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 விழுக்காட்டு இடங்களைச் சிறுபான்மைப் பள்ளிகளில் எதிர்பார்க்க இயலாது. 2014இல் உச்ச நீதிமன்றம் அவற்றை அச்சட்டத்திலிருந்து விலக்கியது. கட்டணச் சலுகை வேண்டுமானால் தாளாளரிடம் நேரில் கேட்பதே வழி. கேட்கக் கூச்சப்பட்டே பல தகப்பன்மார் திரும்பிவிடுகிறார்கள். சலுகைக்கென்று நிதி ஒதுக்கும் பள்ளிகள் உண்டு.

சமயம் பற்றிய ஐயமும் பேசப்பட வேண்டியதே. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பாதுகாவலர் சம்மதமின்றிச் சிறுவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3). கிறித்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் வேளையில் மற்றவருக்கு நன்னெறி வகுப்பு நடத்துவது பல பள்ளிகளின் வழக்கம். கிறித்தவப் பெற்றோர்க்கு இதன் மறுபுறம் முக்கியம்: பெயரில் புனிதர் இருந்தும் மறைக்கல்விக்கு நேரம் ஒதுக்காத பள்ளியும் உண்டு.

4. நேரில் காண்பது

பிரார்த்தனை மணி அடிக்கும் நேரத்தில் போய், தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கலாம். இரண்டாம் வகுப்பின் கோடிட்ட நோட்டைக் கேட்டு வாங்கி, திருத்தம் பிழையைக் காட்டுகிறதா, வெறும் கையெழுத்தா என்று புரட்டலாம். தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஆண்டுதோறும் எடுத்த குழுப் படங்கள் மாட்டியிருந்தால், பிள்ளைகளை விட்டுவிட்டு நடு வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்களைப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுப் படங்களில் அதே முகங்கள் எத்தனை என்று எண்ணினால், அந்தப் பள்ளியில் மீதியைக் கட்டுவது யார் என்பதும் தெரிந்துவிடும்.