சட்டகத்துக்கு வெளியே

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் நண்பர் கென்யாவின் மசாய் மாராவுக்குச் சென்று திரும்பியதும், அங்கே எடுத்த படங்களைக் காட்டினார். புல்வெளியில் தனித்து நிற்கும் ஓர் ஆண் சிங்கம். பிடரியில் காலை வெயில். சிங்கம் நோக்கும் திசையில் தாராளமாக இடம் விட்டு, காதோ வால்நுனியோ விளிம்பில் அறுபடாமல் அளந்து வெட்டியிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வெட்டாத மூலப்படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அதில் சிங்கத்துக்குப் பின்னால் ஐந்து ஜீப்புகள் நின்றன. ஒவ்வொன்றின் மேற்கூரைத் திறப்பிலும் நான்கைந்து தலைகள். எல்லோர் கையிலும் காமிரா. அந்தச் சிங்கத்தின் தனிமை ஆப்பிரிக்காவில் பிறந்ததல்ல, ஓசூரில் ஒரு கணினித் திரையில் பிறந்தது.

படத்தின் ஓரங்களை வெட்டுவதை எவரும் பொய்யென்று சொல்வதில்லை. அதற்குக் கொடுக்கும் விலை நுணுக்கம் மட்டுமே. நீளத்திலும் அகலத்திலும் பாதியை நீக்கினால் மிஞ்சுவது கால்பங்கு. 24 மெகாபிக்சல் படம் 6 மெகாபிக்சலாகிவிடும். இருட்டறைக் காலத்தில் இதே விலை படச்சுருளின் மணல்மணலான பொரியாகத் தாளில் தெரிந்தது. சேர்ப்பவர்களுக்குத்தான் தண்டனை. பஞ்சடைத்த எறும்புண்ணியைப் படத்தில் வைத்ததாக நடுவர்கள் முடிவு செய்து, லண்டன் போட்டியொன்றில் வென்ற படத்தை 2018இல் தகுதிநீக்கம் செய்தார்கள். உலகப் புகைப்படச் சங்கங்கள் சேர்ந்து வகுத்து 2015இல் நடைமுறைக்கு வந்த இயற்கைப் புகைப்பட வரையறையும் அப்படித்தான்: எதையும் சேர்க்கவோ நீக்கவோ இடம்மாற்றவோ கூடாது, ஓரம் வெட்டுவதைத் தவிர. மனிதக் கைபட்டவை, விலங்கின் கதைக்கு இன்றியமையாதவையாக இருந்தாலொழிய, படத்தில் தென்படலாகாது என்பது அதன் இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனிதனை வெட்டி எறிவது அனுமதி மட்டுமல்ல, ஏறக்குறையக் கடமை.

இந்த விதிக்கு ஒரு வரலாறு உண்டு. கானுயிர்ப் படத்தின் முன்னோடி வேட்டைப் படம். சுடப்பட்ட விலங்கின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து நிற்கும் துரையே அதில் மையம். ஜெர்மானியரான ஷில்லிங்ஸ், இன்று தான்சானியா என்றழைக்கப்படும் நிலப்பகுதியில், கட்டிவைத்த மாடுகளைத் தேடிவரும் சிங்கங்களை இரவில் மக்னீசிய வெளிச்சத்தில் படமெடுத்து 1905இல் நூலாக வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பிலேயே ஒளியும் துப்பாக்கியும் அருகருகே நின்றன. நம் நாட்டில் ஐக்கிய மாகாண வனத்துறை அதிகாரி சாம்பியன், தடத்தில் கட்டிய கம்பியைப் புலி மிதித்துத் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய நூல் 1927இல் வந்தது. துப்பாக்கி மறைந்தது, கூடவே மனிதனும் சட்டகத்தைவிட்டு விலகினான். அதில் ஒரு நாகரிகம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

ஆனால் விலகியவன் வேட்டைக்காரன் மட்டுமல்ல. செரெங்கெட்டியில் மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள், தேசியப் பூங்காவின் எல்லை திருத்தப்பட்ட 1959இல், பூங்காவுக்குள்ளிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. க்ஷிமெக் தன் மகனோடு சேர்ந்து எடுத்த செரெங்கெட்டி ஆவணப்படம் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. ஒன்றால் மற்றொன்று நிகழ்ந்தது என்று சொல்லவில்லை. ஆளில்லாத புல்வெளிதான் ஆப்பிரிக்கா என்ற சித்திரம் உலகின் மனத்தில் படிந்த காலம் அது. நண்பரின் கை ஜீப்புகளை நோக்கித் தானாகப் போனதும் அந்தப் பழக்கத்தால்தான்.

தமிழில் இதைப் பேசும்போது மா. கிருஷ்ணன் (1912–1996) நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன், 1950 முதல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதியவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தாமே உருவாக்கிய காமிராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்டிருந்தார். கறுப்பு வெள்ளையைத் தவிர வேறெதையும் நாடவில்லை. 2006இல் வந்த ‘ஐ இன் த ஜங்கிள்’ தொகுப்பைப் புரட்டும்போது எனக்குத் தோன்றுவது இது: அவருடைய யானை மூங்கிலோடும் நிழலோடும் சேர்ந்தே நிற்கிறது. இன்றைய போட்டி நடுவர் அந்த மூங்கிலில் பாதியை வெட்டச் சொல்லக்கூடும். அவர் படங்களிலும் மனிதர் அரிதுதான். ஆனால் எழுதும்போது தெருவின் கழுதையும் வெள்ளாடும் காக்கையும் அவருக்குக் கானுயிருக்குச் சற்றும் குறையாத பொருளாக இருந்தன.

ஓசூருக்கே திரும்புகிறேன். கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் தமிழகத்துக்குள் இறங்குகின்றன. அவற்றில் சில தேன்கனிக்கோட்டைக் காடுகளோடு நிற்காமல், ஓசூரை ஒட்டிய சானமாவு காடுவரை வந்துவிடும். அங்கிருந்து போடூர்பள்ளம் போகக் கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும். பட்டாசு வெடித்து அவற்றைத் திருப்பி அனுப்புவது வனத்துறைக்கு ஆண்டுதோறும் உள்ள வேலை. நண்பர் ஒரு விடியலில் சானமாவு அருகே எடுத்த படம் மாரா சிங்கத்தைவிட எனக்குப் பிடித்தது. பனிமூட்டத்தில் தாயும் குட்டியுமாக ஏழு யானைகள், அடர்ந்த மரவரிசை. இதையும் வெட்டியிருந்தார்.

மூலத்தைத் திறந்தோம். இடப்புறம் உயரழுத்த மின்கோபுரம். வலப்புறம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடிலின் வெண்கூரை. முன்னால் மிதிபட்ட கேழ்வரகுத் தாள். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனபோது, வயலின் மூலையில் நான்கு கழிகளின் மேல் ஒரு பரண் தெரிந்தது. அதில் கம்பளி போர்த்தி ஒருவர் குந்தியிருந்தார், யானைகளைப் பார்த்தபடி. படமெடுத்தபோதும் வெட்டியபோதும் நண்பர் அவரைக் கவனிக்கவில்லை. ஓரிரவில் ஓராண்டு விளைச்சல் போய்விடக்கூடிய அந்த மனிதருக்கு, அந்தக் கதையில் யானைக்குள்ள அளவே இடமுண்டு.

இதே கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு மட்டுமின்றி, விலங்கோடு பொருது மாண்டவர்களுக்கும் நடுகல் எடுத்திருக்கிறார்கள். பாய்ந்தெழும் புலி, அதன் மேல் ஈட்டியையோ குறுவாளையோ பாய்ச்சும் ஆள். இரண்டும் ஒரே பலகைக்கல்லில். பெயர் தெரியாத அந்தச் சிற்பி கல்லின் விளிம்பை எங்கே நிறுத்துவதென்று யோசித்திருப்பான். புலியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட அவனுக்குத் தோன்றவில்லை.

பரணோடு சேர்த்து அகலமாக ஒரு பிரதி எனக்குத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். போட்டிக்கு நண்பர் அனுப்பியது வெட்டிய படத்தைத்தான். விதி அப்படி.