ஸ்டீவன் ஜெரார்டும் செல்சியின் அழைப்பும் (2004–2005)

ஸ்டீவன் ஜெரார்டு (பிறப்பு: மே 30, 1980) இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கழகத்துக்காக 1998 முதல் 2015 வரை ஆடிய நடுக்கள வீரர். 2003 அக்டோபரிலிருந்து விடைபெறும்வரை அதன் அணித்தலைவராகவும் இருந்தார். 2004, 2005 ஆகிய இரு கோடைக்காலங்களிலும் லண்டனின் செல்சி கழகம் அவரை விலைக்கு வாங்க முயன்றது. இரண்டு முறையும் புறப்படும் நிலைவரை சென்ற ஜெரார்டு, இரண்டு முறையும் லிவர்பூலிலேயே தங்கினார். வளர்த்த கழகத்தின் மீதுள்ள பற்றுக்கும் வெற்றி வேட்கைக்கும் இடையே ஒரு வீரர் படும் பாட்டுக்கு நவீன கால்பந்தில் அதிகம் பேசப்படும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று இது.

பின்னணி

லிவர்பூல் நகரை அடுத்த ஹைட்டனில், தொழிலாளர் குடும்பங்கள் வாழும் குடியிருப்பில் வளர்ந்தவர் ஜெரார்டு. ஒன்பதாம் வயதில் லிவர்பூலின் இளையோர் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தார். 1989 ஏப்ரலில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழக்கக் காரணமான பேரிடர் நிகழ்ந்தது. இறந்தவர்களில் மிக இளையவன் ஜெரார்டின் உறவுச் சகோதரன், வயது பத்து. அந்த இழப்பே தன்னை லிவர்பூல் வீரனாக்கிய உந்துதல் என்று ஜெரார்டு பலமுறை கூறியிருக்கிறார். அவருக்கு இந்தக் கழகம் வேலை பார்க்கும் இடம் மட்டுமாக என்றுமே இருந்ததில்லை.

1998 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக அவர் முதன்முறை களமிறங்கினார். 2000–01 பருவத்தில் லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஃபா கோப்பை மூன்றையும் லிவர்பூல் வென்றது. அலவேஸ் அணியை 5–4 என வீழ்த்திய யூஃபா கோப்பை இறுதிப்போட்டியில் ஜெரார்டும் ஒரு கோல் அடித்தார். பிரெஞ்சுப் பயிற்சியாளர் ஜெரார் ஹூலியே 2003இல் சாமி ஹூபியாவிடமிருந்த தலைமையை 23 வயது ஜெரார்டுக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஆனால் நாட்டின் முதல்நிலை லீக் பட்டம் மட்டும் கைகூடவில்லை. லிவர்பூல் அதைக் கடைசியாக வென்றது 1990இல். லிவர்பூலிலேயே வளர்ந்த ஸ்டீவ் மெக்மனமன் 1999இல் ஒப்பந்தம் முடிந்ததும் ரியல் மாட்ரிட்டுக்குப் போய் 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் சாம்பியன்ஸ் லீக் வென்றிருந்தார். வெளியே போனவனுக்குக் கோப்பை கிடைக்கும் என்பது ஜெரார்டின் கண்முன் நடந்த பாடம்.

2004: முதல் அழைப்பு

2003இல் ரஷ்யச் செல்வந்தர் ரோமன் அப்ரமோவிச் செல்சியை வாங்கியதும் இங்கிலாந்துக் கால்பந்தின் பணக்கணக்கு மாறியது. 2004 கோடையில், எஃப்.சி. போர்ட்டோவை ஐரோப்பிய வாகையராக்கிய ஜோசே மொரீன்யோ செல்சியின் பயிற்சியாளரானார். தன் நடுக்களத்துக்கு அவர் முதலில் விரும்பியவர்களில் ஒருவர் ஜெரார்டு. அதே வேளையில் லிவர்பூல் ஹூலியேயை அனுப்பிவிட்டு வலென்சியாவிலிருந்து ரஃபேல் பெனிட்டெஸை அழைத்து வந்திருந்தது.

போர்ச்சுகலில் யூரோ 2004 போட்டியில் ஜெரார்டு இங்கிலாந்துக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே செல்சிக்குப் போகிறார் என்ற செய்தி பரவியது. இங்கிலாந்து வெளியேறிய சில நாட்களில், ஜூன் 28 அன்று, கழகத் தலைமை நிர்வாகி ரிக் பாரியுடன் செய்தியாளர்களைச் சந்தித்து, தாம் தங்குவதாக அவர் அறிவித்தார். அறிவிப்பில் உற்சாகத்தைவிடத் தயக்கமே மிகுந்திருந்தது. அடுத்த ஆகஸ்டில் நண்பர் மைக்கேல் ஓவனும் ரியல் மாட்ரிட்டுக்குச் சென்றார்.

2004–05 பருவம்

தங்கிய முடிவு சரியா என்ற கேள்வி அந்தப் பருவம் முழுதும் அவரைத் துரத்தியது. லீக்கில் செல்சி 95 புள்ளிகளுடன் 50 ஆண்டுகளுக்குப் பின் பட்டம் வென்றது. 58 புள்ளிகளுடன் லிவர்பூல் ஐந்தாம் இடத்தில் நின்றது. 2005 பிப்ரவரி 27 அன்று கார்டிஃபில் நடந்த லீக் கோப்பை இறுதிப்போட்டியில் இந்த இரு அணிகளும் மோதின. முன்னிலையில் இருந்த லிவர்பூலின் வலைக்குள் 79ஆம் நிமிடத்தில் ஜெரார்டின் தலையில் பட்ட பந்து புகுந்தது. சுயகோலால் சமநிலையான ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் செல்சி 3–2 என வென்றது.

ஐரோப்பாவில் கதை வேறாக இருந்தது. டிசம்பர் 8 அன்று ஒலிம்பியாக்கோஸை இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் சாம்பியன்ஸ் லீக்கில் நீடிக்கலாம் என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது ஜெரார்டு தொலைவிலிருந்து அடித்த மூன்றாவது கோல் அணியைக் காப்பாற்றியது. அரையிறுதியில் லூயிஸ் கார்சியாவின் ஒற்றைக் கோலால் செல்சியையே லிவர்பூல் வெளியேற்றியது.

மே 25 அன்று இஸ்தான்புலின் அட்டாடர்க் ஒலிம்பிக் அரங்கில் ஏ.சி. மிலானுடன் இறுதிப்போட்டி. பாவ்லோ மால்தினி முதல் நிமிடத்திலேயே கோல் அடிக்க, எர்னான் கிரெஸ்போ இரண்டு கோல்கள் சேர்க்க, இடைவேளையில் மிலான் 3–0 என முன்னிலை பெற்றிருந்தது. 54ஆம் நிமிடத்தில் ஜெரார்டு தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். இரண்டு நிமிடங்களில் விளாடிமிர் ஸ்மிட்சர் இரண்டாவதை அடித்தார். பெனால்டி எல்லைக்குள் ஜெரார்டு தள்ளப்பட்டதால் கிடைத்த வாய்ப்பில் சாபி அலோன்சோ மூன்றாவதை அடித்தார். ஆறு நிமிடங்களுக்குள் ஆட்டம் சமமானது. கூடுதல் நேரத்தில் வலப்புறத் தற்காப்பு வீரராக இறங்கி மிலானின் இடப்புறத் தாக்குதலை மறித்தவரும் ஜெரார்டே. பெனால்டிகளில் 3–2 என லிவர்பூல் வென்றது. ஐந்தாவது முறையாக ஐரோப்பியக் கோப்பை லிவர்பூலுக்கு வந்தது. அதைத் தூக்கியவர் 24 வயது உள்ளூர் இளைஞர். இத்தகைய இரவுக்குப் பின் தான் எப்படிப் போக முடியும் என்ற பொருளில் அன்றே அவர் பேசினார்.

2005 ஜூலை: விலகலும் மீட்சியும்

அந்த வெற்றிக்குப் பின் ஆறு வாரங்கள்கூட ஆகாத நிலையில் ஜெரார்டு விலகல் கோரினார். அவருடைய ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுகள் மீதமிருந்தன. புதிய ஒப்பந்தம் உடனே நீட்டப்படும் என்று அவர் எதிர்பார்த்தார். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தன்னை விற்றால் கிடைக்கும் பணத்தில் பெனிட்டெஸ் புதிய அணி கட்ட எண்ணுகிறாரோ என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. கழகத்துக்கோ, அவர் செல்சிக்குப் போக ஏற்கெனவே மனம் வைத்துவிட்டாரோ என்ற ஐயம்.

ஜூலை தொடக்கத்தில் பேச்சு முறிந்தது. செல்சி முன்வைத்த 3 கோடியே 20 லட்சம் பவுண்டு விலையை லிவர்பூல் மறுத்தது. ஜூலை 5 அன்று, தன்னை விடுவிக்குமாறு ஜெரார்டு முறைப்படி கேட்டார் என்ற செய்தி வெளியானது. எல்லாம் முடிந்துவிட்டது என்பதே பாரியின் பேச்சிலும் ஒலித்தது. கழகத்தின் அரங்கான ஆன்ஃபீல்டுக்கும் பயிற்சித் திடலுக்கும் ரசிகர்கள் திரண்டார்கள். ஜெரார்டின் பெயர் பொறித்த சட்டைகள் எரிக்கப்பட்ட காட்சியைத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பின.

ஓர் இரவுக்குள் ஜெரார்டு முடிவை மாற்றிக்கொண்டார். குடும்பத்தாரின் அறிவுரையும், வளர்ந்த ஊரை விட்டு எதிரணிச் சட்டை அணியத் துணிய முடியாத மனமுமே காரணங்கள் என்று பின்னர் விளக்கினார். ஜூலை 8 அன்று நான்கு ஆண்டுகளுக்கான புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அவருக்கான ஊதியம் வாரத்துக்குச் சுமார் 1 லட்சம் பவுண்டு என்று அக்கால நாளிதழ்கள் எழுதின.

பணத்துக்கான நாடகம் என்று அன்று சிலர் இதைப் பழித்தார்கள். அந்தப் பழி பொருந்தாது. செல்சியிடம் பணத்துக்குக் குறைவே இல்லை. அந்த வாரத்தில் முறிந்தது நம்பிக்கை. ஒரு வீரரிடம் பற்றை எதிர்பார்க்கும் கழகம், அவர் வேண்டும் என்பதை உரிய நேரத்தில் சொல்லவும் கடமைப்பட்டது. லிவர்பூல் அதில் தாமதித்தது, ஜெரார்டு அவசரப்பட்டார். இருவரும் ஒரே நாளில் தெளிந்தது இருவருக்கும் நல்லதாயிற்று.

விலையும் பலனும்

தங்கியதற்கு ஜெரார்டு கொடுத்த விலையைக் கணக்கிட்டே சொல்லலாம். 2005 முதல் 2015 வரை, அவர் ஏற்றிருந்தால் ஆடியிருக்கக்கூடிய காலத்தில், செல்சி மூன்று முறை (2006, 2010, 2015) லீக் பட்டமும், 2012இல் சாம்பியன்ஸ் லீக்கும் வென்றது. அதே பத்தாண்டில் தலைவராக ஜெரார்டு வென்ற பெருங்கோப்பைகள் இரண்டே: 2006 எஃப்.ஏ. கோப்பை, 2012 லீக் கோப்பை.

ஆனால் அந்த 2006 இறுதிப்போட்டியை அவருடையதாகவே மக்கள் நினைவுகூர்கிறார்கள். வெஸ்ட் ஹாமிடம் 3–2 எனப் பின்தங்கி, ஆட்டம் முடியும் தறுவாயில், ஏறத்தாழ 35 கெஜ தூரத்திலிருந்து அவர் அடித்த பந்து சமநிலையைத் தந்தது. பெனால்டிகளில் லிவர்பூல் வென்றது. லீக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை, யூஃபா கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய நான்கின் இறுதிப்போட்டிகளிலும் கோல் அடித்தவர் என்ற சிறப்பு அவருக்கு உண்டு. வீரர் சங்கத்தின் 2006ஆம் ஆண்டின் சிறந்த வீரர் விருதும், கால்பந்து எழுத்தாளர்களின் 2009 விருதும் அவருக்கே கிடைத்தன.

மொரீன்யோ பின்னர் இன்டருக்கும் ரியல் மாட்ரிட்டுக்கும் தன்னை அழைத்ததாக ஜெரார்டு எழுதியிருக்கிறார். அணி ஏழாம், ஆறாம் இடங்களுக்குச் சரிந்த 2010, 2011 ஆண்டுகளிலும், உரிமையாளர்கள் கடனில் தத்தளித்த காலத்திலும் அவர் போகவில்லை. 2011 ஜனவரியில் சக வீரர் பெர்னாண்டோ டோரஸ் 5 கோடி பவுண்டுக்குச் செல்சிக்கு மாறி, அடுத்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பை வென்றார்.

2014இல் லீக் பட்டம் எட்டும் தூரத்துக்கு வந்தது. தொடர்ந்து பதினொரு ஆட்டங்களை வென்ற லிவர்பூல், ஏப்ரல் 27 அன்று ஆன்ஃபீல்டில் மொரீன்யோவின் செல்சியைச் சந்தித்தது. முதல் பாதி முடியும் நேரத்தில் நடுக்களத்தில் ஜெரார்டு வழுக்கி விழ, பந்தைப் பறித்த டெம்பா பா கோல் அடித்தார். செல்சி 2–0 என வென்றது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனது. 2002, 2009, 2014 என மூன்று முறை இரண்டாமிடம் பெற்றதே லீக்கில் ஜெரார்டின் உச்சம்.

விடைபெறல்

2014 கோடையில் இங்கிலாந்து அணியிலிருந்து ஓய்வு பெற்றபோதே கழகம் புதிய ஒப்பந்தம் தந்திருந்தால் கையெழுத்திட்டிருப்பேன் என்று ஜெரார்டு கூறினார். அழைப்பு மாதங்கள் கழித்தே வந்தது. 2005இல் கண்ட அதே தாமதம் இம்முறை பிரிவில் முடிந்தது. லிவர்பூலுக்கு எதிராக ஆட நேரக்கூடாது என்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸியைத் தேர்ந்தார். 2015 மே மாதம் செல்சியின் அரங்கில் அவர் கடைசியாக ஆடி வெளியேறியபோது செல்சி ரசிகர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பயிற்சியாளராக அவர் வேறு முடிவும் எடுத்தார். ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸை 2020–21இல் ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் வாகையராக்கிய அவர், 2021 நவம்பரில் பருவத்தின் நடுவே ஆஸ்டன் வில்லாவுக்குச் சென்றார். ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் இதைத் துரோகமாகக் கண்டார்கள். ஒரே மனிதரிடமும் பற்று எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் அமைவதில்லை.

ஒப்பீடு

ரோமா கழகத்தின் ஃபிரான்செஸ்கோ டோட்டி ரியல் மாட்ரிட்டின் அழைப்பைத் தவிர்த்து ஒரே கழகத்தில் 786 போட்டிகள் ஆடினார்; 2001இல் ஒரு லீக் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஆலன் ஷியரர் 1996இல் மான்செஸ்டர் யுனைடெட்டை மறுத்துச் சொந்த ஊரான நியூகாசிலைத் தேர்ந்தார். அங்கு ஒரு கோப்பையும் வெல்லவில்லை. டாட்டன்ஹாமின் எல்லாக் கால உயர் கோல் வீரரான ஹாரி கேன் 2023இல் பயர்ன் மியூனிக்குக்குச் சென்று 2025இல் தம் முதல் லீக் பட்டத்தைப் பெற்றார். லிவர்பூலிலேயே பிறந்து வளர்ந்த டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு, அங்கு எல்லாப் பெரும் பட்டங்களும் வென்றபின் 2025இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போகும் முன் தம் விலகலை அறிவித்தபோது ஆன்ஃபீல்டில் ஒரு பகுதி ரசிகர்கள் கூச்சலிட்டார்கள்.

1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த போஸ்மன் தீர்ப்புக்குப் பின், ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையின்றி மாறலாம். போவது வீரரின் உரிமை. போனவரைத் துரோகி என்பது நியாயமாகாது. தங்குபவருக்கு வேட்கை குறைவு என்பதும் தவறான கணிப்பு. ஜெரார்டு விரும்பியது வெற்றியை. அதைத் தன் ஊர்ச் சட்டையில் பெறவே விரும்பினார்.

மதிப்பீடு

லிவர்பூலுக்காக ஜெரார்டு ஆடியவை 710 போட்டிகள், அடித்தவை 186 கோல்கள். அவர் விலகி ஐந்து ஆண்டுகள் கழித்து, 2020இல், 30 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் லிவர்பூல் லீக் பட்டம் வென்றது. அந்தப் பதக்கம் அவரிடம் இல்லை. செல்சிக்குப் போயிருந்தால் பதக்கங்கள் கூடியிருக்கும். ஆனால் ஆன்ஃபீல்டின் ஆகச் சிறந்த வீரர்களைப் பட்டியலிடுவோர் கென்னி டால்கிலிஷின் பெயரை அடுத்து அவர் பெயரைச் சொல்லும் நிலை வந்திருக்காது. 2005 ஜூலையில் அவர் எடுத்த முடிவு, பறிகொடுத்த பட்டங்களையும் சேர்த்தே கணக்கிட்டாலும், சரியான முடிவு.