கண்ணில் சுண்ணாம்புக் காயம்

சுண்ணாம்போ சுண்ணாம்பு கலந்த பொருளோ கண்ணில் பட்டு, கருவிழியையும் இமையின் உட்புறத்தையும் அரிப்பதால் ஏற்படும் வேதிக்காயம் இது. நோயாளியின் பார்வையைச் சோதிப்பதற்கு முன்பே சிகிச்சையைத் தொடங்க வேண்டிய மிகச் சில கண் அவசரநிலைகளுள் இது முதன்மையானது. கண்ணைக் கழுவத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பார்வையைக் குறைக்கும்.

காரணங்கள்

இந்தியாவில் வெற்றிலை, புகையிலையோடு சேர்க்கும் ஈரச் சுண்ணாம்பு சிறு பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் விற்கப்படுகிறது. குழந்தைகள் விளையாட்டாக அதை அழுத்தும்போது பாக்கெட் வெடித்து முகத்தில் தெறிக்கிறது. இந்த ஆபத்தைப் பற்றி 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் எச்சரிக்கை வெளியானது. பெரியவர்களில் கொத்தனார், சித்தாள், வெள்ளையடிப்போர் ஆகியோர் மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். சிமெண்ட் கலவையும் இவ்வகைக் காயத்தையே உண்டாக்கும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது தெறித்தால் வெப்பக் காயமும் சேரும்.

கண்ணில் நிகழ்வது

நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, வலிமையான காரம். அதன் நிறைகரைசலின் பிஎச் அளவு ஏறத்தாழ 12.4. அமிலம் பட்டால் புரதம் உறைந்து, மேற்கொண்டு ஊடுருவலைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காரமோ உயிரணுச் சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கி உள்ளே இறங்கும். மற்றக் காரங்களைவிடச் சுண்ணாம்பு மெதுவாகவே ஊடுருவுகிறது. ஆனால் அதன் துகள்கள் மேலிமையின் மடிப்பில் ஒட்டிக்கொண்டு, கழுவிய பிறகும் காரத்தைக் கசியவிடுகின்றன.

வகைப்பாடு

காயத்தின் கடுமையைத் தரம் பிரிக்கும் முறையை 1946-இல் ஹியூஸ் வகுத்தார். 1964-இல் பாலனும் 1965-இல் ரோப்பர்-ஹாலும் அதைத் திருத்தினர். ரோப்பர்-ஹால் முறையில் நான்கு தரங்கள் உண்டு. முதல் தரத்தில் கருவிழியின் மேல்தோல் மட்டும் சிதையும், கருவிழியின் விளிம்பில் இரத்த ஓட்டம் குறையாது. இரண்டாம் தரத்தில் கருவிழி மங்கினாலும் உள்ளிருக்கும் கண்மணித்திரை தெளிவாகத் தெரியும். விளிம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்த ஓட்டம் நின்றிருக்கும். மூன்றாம் தரத்தில் மேல்தோல் முழுதும் உரிந்து, திரையின் நுணுக்கங்கள் மறையும். பாதிப்பு விளிம்பின் பாதிவரை இருக்கும். நான்காம் தரத்தில் கருவிழி வெளுத்துப்போகும், பாதிப்பு பாதியைத் தாண்டும்.

விளிம்பு இவ்வளவு முக்கியமாவதற்குக் காரணம், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் குருத்தணுக்கள் அங்கே இருப்பதுதான். பாதிக்குச் சற்று மேல் விளிம்பு இழந்த கண்ணையும் முழு விளிம்பு இழந்த கண்ணையும் ஒரே தரத்தில் அடைப்பது ரோப்பர்-ஹால் முறையின் குறை. 2001-இல் ஹர்மிந்தர் துவாவும் சகாக்களும் இதைச் சரிசெய்தனர். அவர்கள் விளிம்பைக் கடிகார முகமாகக் கொண்டு, எத்தனை மணிப் பகுதி பாதிக்கப்பட்டது, வெண்விழியை மூடிய இணைப்படலம் எத்தனை விழுக்காடு எரிந்தது என்று அளந்து ஆறு தரங்களாகப் பிரித்தனர். மூன்று மணிப் பகுதிவரை இரண்டாம் தரம், ஆறுவரை மூன்றாம் தரம், ஒன்பதுவரை நான்காம் தரம், பன்னிரண்டும் போனால் ஆறாம் தரம். கண்ணின் எதிர்காலத்தைச் சொல்ல இதுவே பொருத்தமான முறை.

சிவந்த கண்ணைவிட வெளுத்த கண் ஆபத்தானது. இரத்த நாளங்கள் கருகியதாலேயே அது வெளுத்திருக்கிறது.

முதலுதவி

கிடைக்கும் சுத்தமான தண்ணீரைக் கொண்டு உடனே கழுவத் தொடங்க வேண்டும். குழாய் நீர் போதும், உப்புநீர்க் கரைசலைத் தேடிக் காத்திருக்கக் கூடாது. காயமுற்ற கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, குறைந்தது அரைமணி நேரம் நீர் ஓடவிட வேண்டும். இமைமேலும் முகத்திலும் உள்ள உலர்ந்த தூளை முதலில் துடைத்தெடுக்கலாம். குழந்தையானால் துண்டால் சுற்றி ஒருவர் பிடிக்க, மற்றவர் ஊற்றலாம். கண்ணைத் தேய்க்கக் கூடாது, கட்டுப்போடக் கூடாது. எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு எதையும் விடக் கூடாது. பிறகு 108 ஆம்புலன்சிலோ வேறு வண்டியிலோ கண் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மருத்துவமனைச் சிகிச்சை

மருத்துவர் பிஎச் தாளால் சோதித்து, 7.0 முதல் 7.4 வரை வரும்வரை கழுவலைத் தொடர்வார். மேலிமையை இரண்டு மடிப்பாகப் புரட்டித் துகள்களை எடுப்பார். ஒட்டிய சுண்ணாம்பை ஈடிடிஏ கரைசலில் நனைத்த பஞ்சால் நீக்கலாம். ஒத்துழைக்காத குழந்தைகளுக்கு மயக்கமருந்து தேவைப்படும். நுண்ணுயிர் எதிர்ப்பிச் சொட்டு, வைட்டமின் சி, கண் அழுத்தம் குறைக்கும் மருந்து ஆகியவற்றோடு ஸ்டீராய்டு சொட்டும் தரப்படும். ஸ்டீராய்டைத் தொடக்கத்தில் ஏழு முதல் பத்து நாள் தாராளமாகத் தந்து, பின் குறைக்க வேண்டும். கடும் காயத்தில் பனிக்குடப் படலம் வைத்துத் தைப்பர். விளிம்பு அழிந்த கண்ணுக்கு மற்றொரு கண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்து நடும் எளிய முறையை ஐதராபாதில் விரேந்தர் சங்க்வானும் சகாக்களும் 2012-இல் வெளியிட்டனர். அது இன்று பல நாடுகளில் செய்யப்படுகிறது.

தடுப்பு

சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், காலிப் பாக்கெட்டைத் தெருவில் எறியக் கூடாது. பாக்கெட்டுக்குப் பதிலாக எளிதில் வெடிக்காத டப்பாக்களில் விற்பது பாதுகாப்பானது. கட்டுமான இடங்களில் பாதுகாப்புக் கண்ணாடியும், கைக்கெட்டும் தூரத்தில் நல்ல தண்ணீரும் இருக்க வேண்டும்.